"நாமார்க்கும் குடியல்லோம்": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பர் பாடிய இந்தப் பாட்டைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. நாங்கள் சிலர் அவ்வப்போது கூடித் தேவாரம் படிக்கிறோம். அங்கே வருகிறவர்கள் கேட்டது, சொந்தக்காரர்கள் போனில் கேட்டது, வீட்டுப் பிள்ளைகள் மடக்கியது எல்லாம் இதில் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் ஓதுவார் இல்லை, ஆய்வாளரும் இல்லை. இந்தப் பாட்டை விடமுடியாமல் படித்துக்கொண்டிருக்கிற ஒரு வாசகன், அவ்வளவுதான்.

இது யார் பாட்டு? முழுசா எப்படி வரும்?

அப்பர் என்கிற திருநாவுக்கரசர் பாடியது. காலம் 7ஆம் நூற்றாண்டு. ஆறாம் திருமுறையில் 98ஆம் பதிகம், அதன் முதல் பாட்டு. பதிகத்துக்கு 'மறுமாற்றத் திருத்தாண்டகம்' என்று பெயர். பாட்டு இது:

நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்
நரகத்தில் இடர்ப்படோம் நடலை இல்லோம்
ஏமாப்போம் பிணியறியோம் பணிவோம் அல்லோம்
இன்பமே எந்நாளும் துன்பம் இல்லை
தாமார்க்கும் குடியல்லாத் தன்மையான
சங்கரன்நற் சங்கவெண் குழையோர் காதிற்
கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்க்
கொய்ம்மலர்ச்சே வடியிணையே குறுகினோமே.

நாங்கள் யாருக்கும் குடிமக்கள் இல்லை. எமனுக்குப் பயப்பட மாட்டோம். நரகத்தில் போய்த் தவிக்க மாட்டோம். எங்களிடம் பொய் இல்லை. களித்திருப்போம், நோய் அறியோம், யாரையும் பணிய மாட்டோம். எங்களுக்கு எந்நாளும் இன்பம்தான், துன்பமே இல்லை. ஏனென்றால், தானும் யாருக்கும் கட்டுப்படாத சங்கரனுக்கே நாங்கள் மீளமுடியாத ஆட்கள், அவன் காலடிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டோம். பொருள் இவ்வளவுதான்.

எந்தச் சூழ்நிலையில பாடினார்?

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை இது. திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து, இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் இருந்த மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக இருக்கிறார். கடுமையான சூலை நோய், அதாவது வயிற்றுவலி, வருகிறது. அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வருகிறார், அக்கா திருநீறு கொடுக்கிறார், "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" பாடுகிறார், வலி போகிறது. திரும்பவும் சைவராகிறார்.

மடத்துப் பெரியவர்கள் பல்லவ அரசனிடம் போய், நோய் என்று நடித்து மதம் மாறிவிட்டார் என்று முறையிடுகிறார்கள். அரசன் அமைச்சர்களைப் படையோடு அனுப்புகிறான், பிடித்து வா என்று. வந்து நின்றவர்களிடம் அப்பர் சொன்ன பதில்தான் இந்தப் பதிகம். மறுமாற்றம் என்றால் மறுமொழி, அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த ராஜா யாரு?

சேக்கிழார் பல்லவன், காடவன் என்றுதான் சொல்கிறார். பின்னால் மனம் மாறிய அரசன் திருவதிகையில் 'குணபரவீச்சரம்' என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்று வருகிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர், திருச்சி மலைக்கோட்டைக் குடைவரைக் கல்வெட்டிலும் அது இருக்கிறது. அவன் வேறு நெறியிலிருந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதாக அந்தக் கல்வெட்டு குறிப்பதாகப் பலர் கொள்கிறார்கள். அதை வைத்துத்தான் மகேந்திரன் என்கிறோம்.

அவன் சாதாரண முரடனும் இல்லை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன், மத்தவிலாசப் பிரகசனம் என்ற கேலி நாடகம் எழுதியவன். கலை ரசனை இருப்பவன் கையில் அதிகாரம் இருந்தால் ஆள் அனுப்ப மாட்டான் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் வரி மட்டும் தெரிஞ்சா போதாதா? அதுதானே சார் பன்ச்?

மேடையிலும் சுவரொட்டியிலும் முதல் வரி மட்டும்தான் வருகிறது. வீரம் மாதிரி கேட்கும், கைதட்டல் விழும். என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் பலம் அந்த வரியில் இல்லை. அப்படிச் சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று அடுத்த பாட்டுகளில் அவரே கணக்குக் காட்டுகிறார், பலம் அங்கேதான் இருக்கிறது. பத்துப் பாட்டையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு அந்தக் கணக்கு கிடைக்காது.

இரண்டாம் பாட்டைப் பாருங்கள். "அகலிடமே இடமாக ஊர்கள் தோறும் அட்டுண்பார் இட்டுண்பார் விலக்கார் ஐயம்" என்று தொடங்குகிறது. இந்தப் பரந்த உலகமே எங்கள் வீடு. ஊர் ஊராகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிறருக்கு இட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிச்சை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒதுங்குவதற்கு அம்பலங்கள் உண்டு. அப்புறம் சொல்கிறார்: "பூமிதேவி உடன்கிடந்தாற் புரட்டாள் பொய்யன்று மெய்யே". தரையில் படுத்தால் பூமாதேவி நம்மைப் புரட்டித் தள்ளிவிட மாட்டாள். சாப்பாடு, கூரை, படுக்கை மூன்றும் ஆயிற்று. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்கிறார், "துகிலுடுத்துப் பொன்பூண்டு திரிவார் சொல்லும் சொற்கேட்கக் கடவோமோ". பட்டு உடுத்து நகை போட்டுத் திரிகிறவர்கள் சொல்வதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்? பிடுங்கிக்கொள்ள அரசனுக்கு எதுவும் மிச்சமில்லை. அந்த இடத்தில் நின்றுதான் இந்த மனிதர் பேசுகிறார்.

மூன்றாம் பாட்டில் "பாராண்டு பகடேறி வருவார்" என்று சிலரைச் சொல்கிறார். பூமியை ஆண்டு யானைமேல் ஏறி வருகிறவர்கள். அவர்கள் ஏவல் எங்களுக்கு எதற்கு, "பற்றற்றோமே" என்கிறார். ஆறாம் பாட்டில், நாவலந்தீவு முழுவதற்கும் நாதரான காவலரே ஆள் அனுப்பினாலும் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை, "கடுமையொடு களவற்றோமே" என்கிறார். கொடுமை செய்ததில்லை, திருடியதில்லை, அப்புறம் காவலனுக்கு எங்களிடம் என்ன வேலை? இரண்டு, மூன்று, ஆறு, ஏழாம் பாட்டுகள் முடிகிற இடத்தை மட்டும் எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். துரிசற்றோம் (குற்றமற்றோம்), பற்றற்றோம், களவற்றோம், பிழையற்றோம். முதல் பாட்டில் அரசனுக்குச் சொன்ன 'முடியாது' நிற்பது இந்த 'அற்றோம்'களின் மேல்தான்.

எல்லாத்தையும் விட்டுட்ட சாமியாருக்கு இது ஈஸி. எனக்கு வீட்டு லோன் இருக்கு, நான் எப்படிப் பாடறது?

எனக்கும் இருக்கிறது. மாதத் தவணை போன பிறகு கணக்கில் என்ன நிற்கும் என்று தெரிந்துகொண்டு "பணிவோம் அல்லோம்" என்று உரக்கப் பாடினால் தொண்டை கொஞ்சம் அடைக்கத்தான் செய்கிறது. முன்பு ஓர் அலுவலகத்தில் நான் பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அந்த வருடச் சம்பள உயர்வு வரவில்லை. அன்று முடிவெடுக்கும்போது எனக்குள் ஓடியது முதல் பாட்டு இல்லை, இரண்டாம் பாட்டுதான். வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும், யார் வீட்டில் போய் நிற்கலாம், பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு மாற்றலாம் என்று எண்ணிப் பார்த்தேன். அட்டுண்பார், இட்டுண்பார், அம்பலம் எல்லாம் என் அளவில் இதுதான் போலிருக்கிறது.

அப்பர் அளவுக்குத் துறக்க என்னால் முடியாது, துறக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பாட்டு காட்டிக்கொடுக்கிறது. இழக்க முடியாதது என்று நாம் நினைக்கிற ஒவ்வொன்றும் எதிராளிக்கு ஒரு கைப்பிடி. அதில் ஒன்றிரண்டைக் கழற்றிவிட முடிந்தால் அந்த அளவுக்கு இந்தப் பாட்டைக் கூச்சமில்லாமல் பாடலாம்.

நிக்கிறது ஒரே ஆளு. எதுக்கு "நாம்"?

நான்காம் பாட்டில் அவரே சொல்கிறார். உறவு யாரென்றால் உருத்திர கணங்கள், உடுக்கக் கோவணமும் கீளும் (அதைக் கட்டும் துணிக்கீற்றும்) உண்டு என்கிறார். சொந்தமும் சொத்தும் அதோடு முடிந்தது. படைக்கு முன்னால் உடம்பளவில் தனியாக நின்றாலும் தன்னைத் தனி ஆளாக அவர் எண்ணிக்கொள்ளவில்லை. பயந்த நேரத்தில் தனக்கு முன்னால் நின்றவர்களை எல்லாம் மனதில் கூட்டிக்கொள்கிற பழக்கம் நமக்கும் உண்டே, அதுதான்.

"பிணியறியோம்"னு வருதே, இதைத் தினம் சொன்னா வியாதி வராதா?

பக்தியோடு சொல்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டாம். இதைப் பாடியவர் சூலை நோயில் துடித்தவர், உடம்பு வலி என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

எந்த ராகத்துல பாடணும்?

ஓதுவார்கள் திருத்தாண்டகத்தை அரிகாம்போதியில் பாடுவது மரபு. ஆறாம் திருமுறை முழுக்கவே தாண்டகம்தான், அதனால் அப்பருக்குத் தாண்டக வேந்தர் என்றே ஒரு பெயர் உண்டு. நீளமான வரி, நடந்துகொண்டே சொல்வது மாதிரியான ஓட்டம். வீட்டில் படிக்கிறவர்கள் ராகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தாலே போதும். கோபமாகக் கத்தி வாசிக்காதீர்கள், பாட்டு கெட்டுவிடும். "இன்பமே எந்நாளும்" என்று சொல்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டா சொல்லியிருப்பார்?

வரமாட்டேன்னு பாடிட்டு அப்புறம் அவங்க கூடவே போயிட்டாரே, ஏன்?

நல்ல கேள்வி, பலர் கவனிப்பதில்லை. பதிகத்தைக் கேட்ட அமைச்சர்கள் அவர் காலில் விழுந்து, நீங்கள் வந்துதான் ஆகவேண்டும் என்று கெஞ்சுகிறார்கள். வருகிற வினைகளுக்கு எம்பிரான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். சேக்கிழார் இதற்கு மேல் விளக்கவில்லை.

நான் புரிந்துகொள்வது இப்படி. ஆணைக்கு அவர் பணியவில்லை, கெஞ்சியதற்கு இணங்கினார். வெறுங்கையோடு திரும்பினால் அந்த ஏவலாட்களின் கதி என்ன என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதோடு, போவதற்குப் பயந்திருந்தால்தானே போகாமல் இருப்பது முக்கியமாகும். அரசன் முன்னால் நிற்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்றுதான் பதிகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பாட்டில் தென்திசைக்கோன், அதாவது எமன், தானே வந்து எனக்குக் குற்றேவல் செய் என்றாலும் நல்லது என்று கொள்ள மாட்டோம் என்கிறவர், காஞ்சிக்குப் போகவா தயங்குவார்?

சுண்ணாம்புக் காளவாய், விஷம், யானை, கல்லைக் கட்டிக் கடல்ல போட்டது... இதெல்லாம் நிஜமா நடந்ததா?

புராணம் சொல்லும் வரிசை: நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள், நஞ்சு கலந்த பால்சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், அப்பருக்குச் சுமார் 500 ஆண்டுகள் கழித்து. அதனால் ஒவ்வொன்றையும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பரே திருநீலக்குடிப் பதிகத்தில் "கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க" என்று பாடியிருக்கிறார். சமணர்கள் என்னைக் கல்லோடு கட்டி விரைவாக நீருக்குள் தள்ள, என்று பொருள். ஏதோ பெரிய கொடுமை நடந்திருக்கிறது என்பதற்கு அவர் வாயாலேயே சாட்சி இருக்கிறது. கடலூர்ப் பக்கம், அவர் கரையேறிய இடம் என்று சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரும் இருக்கிறது.

எனக்கு அற்புதத்தைவிட அந்தந்த நேரத்துக்கு என்று மரபு வைத்திருக்கும் பாட்டுகள்தான் ஆச்சரியம். நீற்றறைக்கு வைத்திருப்பது "மாசில் வீணையும் மாலை மதியமும்". சூளைக்குள் இருப்பவர் பாடுவதாக வைத்த பாட்டில் சூடு என்ற பேச்சே இல்லை. வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். தன்னை எரிப்பவர்களைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. யானை வந்தபோது பாடியதாகச் சொல்லும் பதிகத்தில் "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்று வருகிறது. பயப்படமாட்டேன் என்பதோடு நிறுத்தாமல், பயமுறுத்தக்கூடியது இனி எதுவும் வரப்போவதில்லை என்கிறார்.

யாருக்கும் அடிமை இல்லைங்கறார், அடுத்த மூச்சுல சிவனுக்கு அடிமைங்கறார். இது என்ன விடுதலை?

என் அண்ணன் மகன் இதைக் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. அப்புறம் பாரதி ஞாபகம் வந்தார். "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே" பாட்டில் "பூமியில் எவர்க்கும் இனி அடிமை செய்யோம், பரிபூரணனுக்கே அடிமை செய்து வாழ்வோம்" என்கிறார். சுமார் 1,300 ஆண்டுகள் தள்ளி, வெள்ளைக்காரன் ஆட்சியில், அப்பரின் அதே வாக்கியத்தைப் பாரதி திருப்பிச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அரசன் கேட்பது வரியை மட்டும் இல்லையே, முழு ஆளையும் கேட்கிறான். எதை வணங்கு, எதை விடு என்பது வரைக்கும் அவன்தான் சொல்கிறான். அப்படிக் கேட்பவனிடம் "நான் ஏற்கெனவே வேறு இடத்தில் முழுசாக ஆளாகிவிட்டேன், உனக்குத் தர மிச்சமில்லை" என்பது ஒரு பதில். அந்த இன்னோர் இடமும் எப்படிப்பட்டது என்று சொல்கிறார்: தானும் யாருக்கும் குடியல்லாதவன். அரசனோ தன் படைக்கும் கருவூலத்துக்கும் பேருக்கும் குடியானவன்தான். இந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி இருக்கிறதா என்றால், பெரும்பாலான நாட்களில் இருக்கிறது.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. சிவனை எடுத்துட்டுப் படிச்சா ஒத்துக்குவீங்களா?

படிப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் பின்பாதி நான்கு வரியை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சவால். அந்த இடத்தில் நீங்கள் எதை வைக்கிறீர்கள் என்று யோசித்துவிட்டுப் படியுங்கள். நியாயம், மனசாட்சி, சக மனிதர் எதுவாகவும் இருக்கட்டும், மீளா ஆளாய் நிற்கும் அளவுக்கு அது உங்களுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அது கஷ்டம் என்றால் நான் மேலே சொன்ன இரண்டாம் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் சோறும் தரையும்தான் முக்கியம்.

பணியமாட்டேன்னு சொல்றது திமிர் இல்லையா?

இதே ஆறாம் திருமுறையில் "சங்கநிதி பதுமநிதி இரண்டும் தந்து" என்று ஒரு பாட்டு. இரண்டு நிதியும் கொடுத்து மண்ணையும் விண்ணையும் ஆளக் கொடுத்தாலும், சிவனிடம் அன்பில்லாதவர் செல்வத்தை மதிக்க மாட்டோம் என்கிறார். அதே மூச்சில், உடம்பு அழுகிய தொழுநோயாளியானாலும், பசுவை உரித்துத் தின்கிற புலையரானாலும், சிவனிடம் அன்பிருந்தால் அவர்தான் நாம் வணங்கும் கடவுள் என்கிறார். அந்த வரிகளில் சாதியை இழிவாகச் சொல்லும் சொல் இருக்கிறது, அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் யார் முன்னால் குனியமாட்டார், யார் முன்னால் குனிவார் என்பது தெளிவு. வயதில் மிகவும் சிறியவரான சம்பந்தரின் பல்லக்கைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சுமந்தவரும், உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவரும் இவர்தான்.

அப்பரை ஒடுக்கினாங்க சரி. ராஜா மாறினதும் சமணர்களுக்கு என்ன ஆச்சு?

இதைக் கேட்க எல்லாரும் தயங்குகிறார்கள். பெரியபுராணமே சொல்கிறது: மனம் மாறிய பல்லவன் பாடலிபுத்திரம் என்று அது சொல்லும் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த்தான் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான். பின்னால் பழையாறையில், சமணர்கள் மறைத்துவைத்த வடதளிக் கோயிலைக் காணவேண்டும் என்று அப்பர் உண்ணாமல் இருக்கிறார். அந்த ஊர் அரசன் கோயிலை மீட்டுக்கொடுக்கிறான். ஆயிரம் சமணர்கள் யானைகளால் மிதிக்கப்பட்டு இறந்தார்கள் என்று அங்கே வருகிறது. அதே யானை, ஆனால் இந்தப் பக்கம் நின்றவர்களைக் காக்க ஒரு பதிகமும் இல்லை. எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அதைப் பெருமையாக எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறது என்பது உண்மை.

செய்தது அரசர்கள், பாடியவர் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் அப்பர் தேவாரத்தில் சமணர்மேல் காட்டமான வசைகள் நிறையவே இருக்கின்றன, அதையும் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும். நாலடியாரும் சீவக சிந்தாமணியும் சமணர்கள் தந்தவை. தமிழ்ச் சமணர்கள் இன்றும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள், மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தபோது இந்தப் பதிகம்தான் வாசிப்பில் இருந்தது. மாற்றிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஆறாம் பாட்டை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள் என்றார். "கடுமையொடு களவற்றோமே" வருகிற பாட்டு. இரண்டு தடவை வாசித்தோம். இப்போது அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் பழையாறைக் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கேட்கச் சிலருக்குப் பிடிப்பதில்லை.